சர்வோவின் தண்டுக்கு அப்பால்

“ரேடியோவில பாத்துக்கிடலாம், சாரே” என்னும் வாக்கியத்தைச் சென்ற சில வருஷங்களில் எத்தனை வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று கணக்கெடுத்தால், ஆனி ஆடி மாதங்களில் வேளிமலைச் சரிவில் நாங்கள் பறக்கவிட்ட மாதிரிக் கிளைடர்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அது அதிகமாகவே இருக்கும். சர்வோவின் கை சற்றே கோணி நிற்கிறதே என்று சொன்னால் அந்த வாக்கியம். இறக்கையின் பின்விளிம்பு மடலான எய்லிரான் இடப்புறத்தில் வலதைவிடக் குறைவாக எழுகிறதே என்றால் அதே வாக்கியம். மடலை இயக்கும் கம்பியான புஷ்ராடு தன் துளைக்குள் கடகடவென்று ஆடுவதை விரலால் அசைத்துக் காட்டினாலும், காட்டிய விரலைக்கூடப் பாராமல், மறுபடியும் அதே வாக்கியம். சொல்லுகிறவர்கள் மூடர்களல்லர், பெரும்பாலோர் பொறியியல் படித்தவர்கள். படித்தவர்கள் பலர் ஒரே குரலில் சொல்லும்போது ஒரு தவறான அபிப்பிராயத்துக்கும் சாஸ்திரத்தின் மரியாதை கிடைத்துவிடுகிறது என்பதனாலேயே இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

மறுக்கப் புகுகிறவன் எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடும் முதலில் எடுத்துரைக்க வேண்டும் என்பது நம் தர்க்க சாஸ்திரிகள் வகுத்த நியாயம். ஆகவே பூர்வபட்சத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தலைமுறைக்கு முன்பு இறக்கையின் நடுவில் ஒரே ஒரு சர்வோவை வைத்து, அதிலிருந்து இரு புறமும் கம்பி ஓட்டி, பெல் கிராங்க் என்னும் முழங்கைத் தகட்டின் எந்தத் துளையில் கம்பியை மாட்டுவது என்று ஒரு முழு மத்தியானத்தைச் செலவிட்டோம். இன்றோ இறக்கைக்குள்ளேயே நான்கு சர்வோக்கள், எய்லிரானுக்கு இரண்டு, இறங்கும்போது தாழ்த்தும் மடலான ஃபிளாப்புக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சானல். கையிலிருக்கும் ரேடியோவுக்குள் ஒரு கணினி. நடுநிலை பிசகினால் சப்-டிரிம் இருக்கிறது. வீச்சு மிஞ்சினால் குறைத்துக்கொள்ள எண்ட்-பாயிண்ட் இருக்கிறது. திசை மாறிப்போனால் ரிவர்ஸ் இருக்கிறது. நடுவழியில் ஒவ்வாவிட்டால் ஐந்து புள்ளியிலோ ஒன்பது புள்ளியிலோ கர்வ் வளைத்துக்கொள்ளலாம். இத்தனை சௌகரியங்கள் விரல் நுனியில் இருக்கும்போது அரத்தையும் ஸ்குரூடிரைவரையும் வைத்துக்கொண்டு அரை மில்லிமீட்டருக்காகத் தவம் கிடப்பது மாட்டுவண்டிக் காலத்து மனோபாவம் என்பது அவர்களுடைய கட்சி.

இதில் உண்மையான அம்சம் ஒன்று உண்டு; அதை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. எய்லிரான் கீழிறங்கும் இறக்கை தூக்குவிசையோடு இழுவையையும் அதிகம் பெறுவதால், வலப்புறம் திரும்ப எண்ணினால் விமானத்தின் மூக்கு முதலில் இடப்புறம் போகும் விபரீதத்தை ரைட் சகோதரர்கள் 1902ஆம் வருஷத்துக் கிளைடரிலேயே அனுபவித்தார்கள். அசையாத வால்தகட்டை அசையும் சுக்கானாக்கி, இறக்கையை முறுக்கும் கம்பியோடு அதைப் பிணைத்துத் தப்பினார்கள். பின்னாளில் டைகர் மாத் விமானத்தில், கீழ் இறக்கையின் அடிப்புறத்தில் ஒரு வட்டமான கிராங்கை வைத்து, எய்லிரான் மேலே நன்றாக எழும்படியும் கீழே சொற்பமாகவே இறங்கும்படியும் அமைத்தார்கள். பத்மநாபபுரம் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் பழைய தலைநகராகத் தன் கோட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 1935ஆம் வருஷத்தில் டாட்டா கம்பெனிக்காகப் பம்பாயிலிருந்து திருவனந்தபுரம் வந்திறங்கிய ஃபாக்ஸ் மாத் விமானமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்த வட்டக் கிராங்கு செய்ததை இன்று ரேடியோவில் ‘டிஃபரென்ஷியல்’ என்ற ஓர் எண் செய்கிறது. அது மட்டுமன்றி, மலைச்சரிவில் ஓடும்போது ஓர் அளவும், அனல்காற்றில் சுழலும்போது வேறோர் அளவும், இறங்கும்போது இன்னோர் அளவுமாக, ஒரு பொத்தானைத் தட்டினால் மாறிக்கொள்கிறது. எந்தக் கிராங்கும் இதைச் செய்யாது. இந்த விஷயத்தில் கணினிக்கு நான் கைகூப்பத் தயார்.

ஆனால் கணினி செய்யக்கூடியது ஒன்று உண்டு என்பதனால் எல்லாவற்றையும் அது செய்யும் என்று முடிவு கட்டுவதிலேதான் பிரமை தொடங்குகிறது. சர்வோ என்பது என்ன? ஒரு சிறு மோட்டார். அதன் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் பல்சக்கரங்கள். வெளியே நீட்டிய ஒரு தண்டு. அந்தத் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை உள்ளேயுள்ள மின்சுற்றுக்குத் தெரிவிக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். 1.5 மில்லி விநாடி நீளமுள்ள துடிப்பு வந்தால் தண்டு நடுவில் நிற்க வேண்டும், 1 மில்லி விநாடியானால் ஒரு பக்கமும் 2 மில்லி விநாடியானால் மறுபக்கமும் சாய வேண்டும் என்பது உடன்படிக்கை. கட்டளையையும் தண்டின் நிலையையும் ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை மோட்டார் ஓடுகிறது. தீர்ந்தவுடன் தன் கடமை முடிந்தது என்று திருப்தியடைகிறது. அந்த யந்திரத்தின் ஞானம் தண்டோடு முடிந்தது. தண்டின் மேல் ஒரு கை, கையில் ஒரு துளை, துளையில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் கிளெவிஸ், கிளெவிஸ் பற்றியிருக்கும் கொம்பு, கொம்பைத் தாங்கும் மடல், மடலை இறக்கையோடு சேர்க்கும் கீல் என்று அதற்கப்பால் நீளும் நாலைந்து அங்குல தூரத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சர்வோவும் அறியாது, ரேடியோவும் அறியாது. நம் பத்மநாபபுரம் அரண்மனை மணிக்கூண்டில், எடைகளின் இழுப்பில் ஓடும் அந்தப் புராதனக் கடிகாரத்தின் சக்கரங்கள் எவ்வளவு பிசகாமல் சுழன்றாலும், முள் தன் அச்சில் தளர்ந்துவிட்டால் தெருவில் நிற்கிறவனுக்குத் தெரியும் நேரம் பொய். அந்தப் பொய்யை உள்ளேயிருக்கும் சக்கரம் எதுவும் உணராது. ரேடியோவில் நாம் செய்யும் திருத்தம் ஒவ்வொன்றும் சக்கரத்துக்குச் செய்யும் திருத்தம்; முள்ளைப் பற்றியதன்று.

முதலில் தளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். புஷ்ராடின் இரு முனைகளிலுமாகச் சேர்ந்து 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு. கீலின் அச்சிலிருந்து 8 மில்லிமீட்டர் உயரத்தில் கொம்பின் துளை இருந்து, மடலின் அகலம் 40 மில்லிமீட்டரானால், அதன் பின்விளிம்பில் அதே ஆட்டம் ஒன்றரை மில்லிமீட்டராகப் பெருகிவிடும். எய்லிரான் மேலிருந்து நடுவுக்குத் திரும்பும்போது ஓரிடத்திலும், கீழிருந்து நடுவுக்குத் திரும்பும்போது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி மற்றோரிடத்திலும் நிற்கும். ரேடியோ அனுப்பிய கட்டளை இரண்டு தடவையும் ஒன்றே. ஒரே கட்டளைக்கு இரண்டு விடை சொல்லும் ஓர் அமைப்பை எந்தக் கர்வால் திருத்துவது? கர்வ் என்பது இன்ன கட்டளைக்கு இன்ன நிலை என்று ஒன்றுக்கொன்று பொருத்தும் அட்டவணையே. ஒன்றுக்கு இரண்டு என்று ஆகிவிட்ட இடத்தில் அட்டவணைக்கு வேலை இல்லை. கொம்பின் துளையை 12 மில்லிமீட்டருக்கு உயர்த்தினாலோ அதே ஆட்டம் ஒரு மில்லிமீட்டராகக் குறைகிறது. துளைக்குச் சரியான கனமுள்ள கம்பியை இட்டால் அறவே ஒழிகிறது. இதற்குத் தேவை ஒரு நல்ல துளைப்பான் ஊசியும் அரை மணி நேரமுமே.

அடுத்தது சப்-டிரிம். இங்கே என் சொந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனெனில் அந்தப் பிரசித்தமான வாக்கியத்தை ஒரு காலத்தில் சொன்னவர்களில் நானும் ஒருவன். இரண்டரை மீட்டர் இறக்கையுள்ள ஒரு கிளைடரில், வலது ஃபிளாப்பின் சர்வோக் கை நேராகவும் இடது ஃபிளாப்பின் கை 20 டிகிரி சாய்ந்தும் பொருந்திவிட்டன. பிரித்து மாட்ட சோம்பல். சப்-டிரிமினால் நடுநிலையைச் சேர்த்தேன். எண்ட்-பாயிண்டினால் 60 டிகிரி இறக்கத்தையும் இரு புறமும் ஒன்றாக்கினேன். இரு முனைகளும் ஒத்துவிட்டன, வேறென்ன வேண்டும் என்று, கும்பப்பூ அறுவடை கழிந்து வயல்கள் காய்ந்து கிடந்த ஒரு மாசி மாதச் சாயங்காலம் குமாரகோவிலுக்குப் பக்கத்தில் அதைப் பறக்கவிட்டேன். இறக்க வேண்டிய தறுவாயில், தென்னை உயரத்தில், ஃபிளாப்பைப் பாதி இறக்கினேன். கிளைடர் வலப்புறம் சரிந்தது; எய்லிரான்கள் இறங்குமுறையில் ஏற்கெனவே மேலே தூக்கப்பட்டிருந்ததால் நிமிர்த்துவதற்கு வேண்டிய வலு அவற்றில் மிச்சமில்லை; பக்கத்து விளையிலிருந்த ஏத்தன் வாழைகளுக்குள் அது போய் விழுந்ததற்கு இரண்டு குலையின் விலையை நான் கொடுக்க நேர்ந்தது. வீட்டில் அடிக்கோலை வைத்துப் பார்த்தபோது நடுநிலையில் வித்தியாசமில்லை, முழு இறக்கத்திலும் வித்தியாசமில்லை, பாதி இறக்கத்தில் மட்டும் இடது ஃபிளாப் நான்கு மில்லிமீட்டர் அதிகமாக இறங்கியிருந்தது.

காரணம் சூட்சுமமானதன்று. சுழலும் கை கம்பியை நகர்த்தும் தூரம் கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. 10 மில்லிமீட்டர் நீளமுள்ள கை கம்பிக்குச் செங்குத்தாக நின்று இரு புறமும் 40 டிகிரி சுழன்றால், கம்பி முன்னும் பின்னும் 6.4 மில்லிமீட்டர் சமமாக நகரும். அதே கை 15 டிகிரி சாய்ந்து நின்று தொடங்கினால் ஒரு பக்கம் 5.6, மறுபக்கம் 6.8. சப்-டிரிம் மடலை நடுவுக்குக் கொண்டுவருகிறதேயன்றி இந்த அசமத்துவத்தை நீக்குவதில்லை. பெரும்பாலும் அதை உண்டாக்குவதே சப்-டிரிம்தான். கர்வ் வளைத்து இதைச் சீராக்கலாமே என்பீர்கள்; நானும் ஐந்து புள்ளிக் கர்வ் வளைத்தேன். ஆறு மாதத்தில் அந்தச் சர்வோவின் பல் உதிர்ந்தது. புதிய சர்வோவில் கை வேறொரு பல்லில் பொருந்தியது. என் ஐந்து புள்ளிகளும் அன்றே அர்த்தமற்றுப் போயின.

வீச்சைக் குறைப்பது மூன்றாவது பிழை. சொல்லப்போனால் மற்றெல்லாவற்றையும்விடப் பரவலானது. நீளமான கையை மாட்டிவிட்டு, மடல் அதிகம் அசைகிறதென்று எண்ட்-பாயிண்டை 50 சதவீதமாக்குகிறார்கள். ரேடியோவில் 2048 படிகள் இருந்தால் அவற்றில் பாதியை வீசியெறிந்தாயிற்று. சர்வோவின் பல்சக்கரங்களுக்குள் இயல்பாகவே உள்ள இடைவெளி மடலில் இரு மடங்காகத் தோன்றுகிறது. விசையும் பாதி. சாதாரணமாகக் கிடைக்கும் ஒன்பது கிராம் சர்வோ ஒரு சென்டிமீட்டர் கையில் சுமார் 1.8 கிலோ இழுக்குமென்றால், 6 மில்லிமீட்டர் துளையில் மாட்டினால் 3 கிலோ இழுக்கும். காசு கொடுத்து வாங்கிய பலத்தில் பாதியை ஓர் எண்ணை மாற்றித் தள்ளுபடி செய்துவிட்டு, பிறகு ‘இந்த சர்வோவுக்கு வலுவில்லை’ என்று குறை கூறுவதில் என்ன நியாயம்?

விசையைப் பற்றிப் பேசும்போது ஃபிளாப்பை மறக்கலாகாது. பட்டாம்பூச்சி முறை என்று நாங்கள் சொல்லும் இறக்கத்தில் எய்லிரான்கள் மேலே எழ, ஃபிளாப்புகள் 80, 90 டிகிரி வரை கீழிறங்கித் தடுப்புச் சுவராகின்றன. ஃபிளாப்பின் பயணமெல்லாம் கீழ்நோக்கியே ஆனதால், அதன் சர்வோக் கையை வேண்டுமென்றே ஒரு புறம் சாய்த்துப் பொருத்துகிறோம். இரு இறக்கைகளிலும் கண்ணாடிப் பிம்பம்போல் அதே சாய்வு. அவ்வாறு பொருத்தினால், ஃபிளாப் முழுவதும் இறங்கிக் காற்றின் அடி உச்சத்திலிருக்கும் அந்தக் கணத்தில் கையும் கம்பியும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வந்து சேர்கின்றன. காற்று மடலைத் தள்ளுகிறது. மடல் கம்பியைத் தள்ளுகிறது. கம்பியோ கையைச் சுழற்றுவதற்குப் பதிலாகத் தண்டின் மையத்தையே நோக்கி அழுத்துகிறது. பல்சக்கரங்களுக்குப் பாரமே இல்லை. நம் வீட்டு ஜன்னல் கொக்கியைப் போலத் தானே பூட்டிக்கொள்ளும் இந்த உபாயத்தைக் கம்பியின் ஜியோமிதி இலவசமாகத் தருகிறது. ரேடியோவின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இதற்கொரு மெனு கிடையாது.

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஓர் ஆட்சேபம் கொண்டுவருவார்கள். நம் தேஜஸ் விமானம், 2018இல் நம் சூலூருக்கே படைப்பிரிவாக வந்து சேர்ந்தது, முழுக்க முழுக்கக் கணினியால் அன்றோ பறக்கிறது? கணினி இல்லாவிட்டால் நிலைகுலையும்படியே வேண்டுமென்று வடிவமைக்கப்பட்ட விமானம் அது. அங்கே செல்லுபடியாகும் தத்துவம் இங்கே ஏன் செல்லாது? உதாரணம் நல்லது, ஆனால் என் கட்சிக்கு. தேஜஸின் கணினி குருட்டுத்தனமாகக் கட்டளையிடுவதில்லை. மடலை இயக்கும் யந்திரம் எங்கே நிற்கிறதென்பதையும், விமானம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதென்பதையும் அளவுகோல்கள் இடைவிடாமல் அறிவிக்க, நான்கு இணைத்தடங்களில் சரிபார்த்துக் கட்டளையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படியிருந்தும் போர்விமான மடல்களின் இணைப்புகளில் அனுமதிக்கப்படும் தளர்ச்சி டிகிரியின் சிறு பின்னங்களுக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. கண்ணுள்ளவனே வழுக்கும் தரையை அஞ்சுகிறான். கண்ணில்லாத நம் ரேடியோ எதை நம்பி அலட்சியம் பாராட்டுவது? மறுமுனையில், 1961இல் முதன்முதல் பறந்த நம் நாட்டு ரோகிணி கிளைடரைப் பாருங்கள். எஸ். ராமாமிருதம் வடிவமைத்த அந்த இருவர் விமானத்தில் விமானியின் கைக்கும் எய்லிரானுக்கும் நடுவே கணினியே கிடையாது. தரையில் நிற்கும்போதே எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும், இருந்தது.

சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும், கொஞ்சம் கோணலாகப் பறக்கும், அவ்வளவுதானே என்று கேட்கிறவர்களுக்கு ‘ஃபிளட்டர்’ என்ற சொல்லை நினைவூட்ட வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் மடல் தானே துடிக்கத் தொடங்கி, ஒவ்வொரு துடிப்பிலும் காற்றிலிருந்தே சக்தியை உறிஞ்சி, ஓரிரு விநாடிகளில் இறக்கையைக் கிழித்துவிடும் நோய் அது. 1916இல் ஹாண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் இவ்வாறு கொடூரமாக நடுங்கியபோது ஆராயப் புகுந்த லான்செஸ்டர், இடது வலது எலிவேட்டர்கள் ஒன்றோடொன்று விறைப்பாக இணைக்கப்படாததே மூலம் என்று கண்டார். மருந்து, இரண்டையும் உறுதியான தண்டினால் பிணைப்பது. மாதிரி விமானத்திலும் அதே நோய்க்கு அதே மருந்துதான்: விறைப்பான கம்பி, ஆட்டமில்லாத துளை, அசையாமல் பதித்த சர்வோ. 2021 ஜனவரியில் கலிபோர்னியாவின் மலைமுகடொன்றில் ஸ்பென்சர் லிசன்பி தம் என்ஜினில்லாக் கிளைடரை மணிக்கு 548 மைல், அதாவது ஏறக்குறைய 882 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று நம் கிளைடர்களுக்குத் தரும் வேகம் அதில் சிறு பங்கே என்றாலும், நம்முடைய பால்சா இறக்கையை உதிர்க்க அந்தச் சிறு பங்கு போதும். முப்பந்தலில் காற்றாலைகளை வரிசைவரிசையாக நட்டவர்கள் அந்தக் காற்றைக் குறைத்து மதிப்பிட்டவர்களல்லர்.

‘இது பந்தயக் கிளைடர்காரர்களின் கவலை, எங்களுடையது ஃபோம் கிளைடர், மலிவான சர்வோ’ என்பது கடைசியாகச் சொல்லப்படும் சமாதானம். மலிவான சர்வோவின் பல்சக்கரங்களில் இயல்பாகவே ஆட்டம் அதிகம், நடுநிலைக்குத் திரும்புவதில் நிச்சயம் குறைவு. ஆகையால் மிச்சமிருக்கும் இணைப்புகளிலாவது ஆட்டம் இருக்கக்கூடாதென்பது மலிவின் நிமித்தமாகவே அதிக அவசியமாகிறது. ஏழை வீட்டில் ஒழுகும் குடத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்லுவது விசித்திரமான பொருளாதாரம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு வியப்பு. அரண்மனைக் கூரைகளை அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கழுக்கோல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு துளை, அத்துளைகளையெல்லாம் ஊடுருவிச் செல்லும் ஒரே வளை. ஒரு கோலில் துளை அரை விரற்கடை பிசகினாலும் வளை நுழையாது. ஆசாரிமார் அதை மேலே ஏறிய பின் தட்டிச் சரிக்கட்டவில்லை. முழக்கோலை வைத்துத் தரையிலேயே அளந்து, வெட்டி, ஒருமுறை கோத்துப் பார்த்து, பிறகுதான் ஏற்றினார்கள். கிளைடரிலும் கிரமம் அதுவே. இறக்கையில் சர்வோவை ஒட்டுவதற்கு முன்பு ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்து, டிரிம்களையும் சப்-டிரிம்களையும் பூஜ்யத்தில் வைத்து, தண்டு தன் நடுநிலைக்கு வந்த பிறகே கையை மாட்ட வேண்டும். ஃபிளாப் நீங்கலாக, கை செங்குத்தாக இருக்க வேண்டியது கம்பிக்கு, சர்வோவின் பெட்டிக்கன்று. கொம்பின் துளை கீலின் அச்சுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். முன்னோ பின்னோ தள்ளினால் நீங்கள் கேளாத டிஃபரென்ஷியல் தானே வந்து குடியேறும். இவையெல்லாம் முடிந்த பின் எஞ்சும் ஒன்றிரண்டு டிகிரியைத் தாராளமாக ரேடியோவில் தீர்த்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் சப்-டிரிமைப் படைத்தார்கள்.

‘கை எந்தப் பல்லில் மாட்டினாலும் நேராக நிற்கமாட்டேன் என்கிறதே’ என்று சென்ற வாரம் ஒரு பையன் இறக்கையோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். ரேடியோவின் திரையில் சப்-டிரிம் முப்பதைத் தாண்டியிருந்தது. அவனுடைய சர்வோவின் தண்டில் 25 பற்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் 14.4 டிகிரி மாறும், அது மிக அதிகம். ஆனால் சர்வோவோடு பெட்டியில் வந்த நட்சத்திரக் கைக்கு நான்கு கால்கள். 25ஐ நான்கால் வகுத்தால் மீதமின்றிப் போகாது. ஆகையால் ஒவ்வொரு காலும் மற்றதைவிடக் கால் பல், அதாவது 3.6 டிகிரி, விலகி நிற்கும். முதல் காலைக் கம்பியின் பக்கம் வைத்துப் பார்த்தோம், போதவில்லை. இரண்டாவது, இன்னும் கொஞ்சம். மூன்றாவது கால் மூலைமட்டத்தோடு ஒட்டி நின்றது. வேண்டாத மூன்று கால்களையும் வெட்டியெறிந்து, திருகை முடுக்கி, சப்-டிரிமை இரண்டுக்குக் கொண்டுவந்தான். வலது இறக்கைக்கும் அதே போல் செய்ய வேண்டும் என்றேன். கடல்காற்று ஓய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவன் பெட்டியிலிருந்து இரண்டாவது நட்சத்திரத்தைத் தேடி எடுத்தான்.